கிரீம் கலர் ஸ்டீயரிங்

கிளமெண்ட்டிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "கொஞ்சம் பிடிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்கக் கூடாது.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. கால் சரியாகிவிட்டது, கை பாதிதான் சரியாயிற்று. டம்ளரைப் பிடிக்கும், சட்டைப் பட்டனைப் போடும். பலம் கொடுத்து இழுக்கச் சொன்னால் இழுக்காது. வீடு திரும்பிய அன்று வாசல்படியில் மனைவி லூயிசா தோளைத் தாங்க வந்தாள். "நான் இன்னா பொணமா, தூக்கினு போறதுக்கு?" என்று அவளைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, மூன்று படி ஏற ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார் மனிதர். பார்க்க வந்தவர்கள் பழம் வாங்கி வந்தால் முறைத்தார். பாவம் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால், அவர்களுக்கு அன்றைக்குக் காபி கிடையாது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு கார் இருந்தது. அறுபத்தொன்றாம் வருடத்து அம்பாசடர். MY என்று தொடங்கும் மைசூர் காலத்து நம்பர். சுரங்க அதிகாரி ஒருவருக்கு டிரைவராக இருந்த கிளமெண்ட்டின் அப்பாவுக்கு, அந்த அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது விட்டுச் சென்றது. வெள்ளை வண்டி, சிவப்பு சீட்டு, கிரீம் கலரில் ஸ்டீயரிங், அதற்குள்ளே ஹாரனுக்கு ஒரு பளபளப்பான வளையம். ஆண்டர்சன்பேட்டை மாதா கோயிலில் கல்யாணம் என்றால் பெண் அந்தக் காரில்தான் வந்து இறங்குவாள். அப்பா காலத்தில் தொடங்கிய வழக்கம். அப்பாவுக்குப் பிறகு கிளமெண்ட் ஓட்டினார். வாடகை கிடையாது, பெண் வீட்டார் போடும் ஒரு மாலையும் பந்தியில் ஒரு சாப்பாடும்தான். எத்தனை பெண்களைக் கொண்டுபோய் இறக்கினார் என்று கேட்டால் கணக்கு சொல்ல மாட்டார், எந்தப் பெண் வழியெல்லாம் அழுதாள், எந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள் என்று சொல்வார்.

கை இழுத்துக்கொண்ட பிறகு முதல் தடவை காரை எடுத்தபோது, கடைத்தெரு முனையில் திருப்ப முடியாமல் சாக்கடை மேட்டில் ஏற்றிவிட்டார். பழைய அம்பாசடர் ஸ்டீயரிங் கனம்; இரண்டு கையும் வேண்டும். பார்த்தவர்கள் ஓடி வந்து வண்டியைத் தள்ளிவிட்டார்கள். அதற்கும் அவர்களைத்தான் திட்டினார்.

அன்றைக்கு ஓடி வந்தவர்களில் வேலுவும் ஒருவர். வேலுவும் கிளமெண்ட்டும் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஜோடி. பாறையில் துளை போடும் மிசினை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். பதினாறு வருடம் ஒரே ஷிஃப்ட், ஆளைக் கீழே இறக்கும் ஒரே கேஜ், ஒரே லெவல். அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். அந்தச் சூட்டில் அரை மணி நேரம் மிசினைப் பிடித்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் கண் இருட்டும். ஆனால் அங்கே ஒருவனும் வாயைத் திறந்து 'முடியல' என்று சொல்ல மாட்டான். சொன்னால் அடுத்த ஷிஃப்டில் அவனோடு ஜோடி சேர ஆள் கிடைக்காது என்று ஒரு பயம். ஜோடிக்காரன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனும் "நீ களைச்சுட்ட, நான் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிடக் கூடாது, அது அவமானம். "கை சும்மா இருக்க மாட்டேங்குது, மிசினக் குடு" என்று சண்டைக்காரன் மாதிரி பிடுங்க வேண்டும். கொடுத்தவன் நன்றி சொல்ல மாட்டான். மேலே வந்து டோக்கனை வாங்கும்போதும் அதைப் பற்றிப் பேச்சு இருக்காது.

சுரங்கத்தை மூடிய பிறகு வேலு பழைய லாரி ஒன்றை வாங்கிச் செங்கல் ஏற்றினார். கிளமெண்ட் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார்.

சாக்கடை மேட்டில் கார் ஏறிய அடுத்த நாள், காயலான் கடையிலிருந்து ஒரு பெரிய லாரி ஸ்டீயரிங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலு வந்தார். வட்டம் பெரியதாக இருந்தால் திருப்ப லேசாக இருக்கும், ஒற்றைக் கை போதும், இதைக் காருக்குப் போட்டுக்கொள் என்றார். கிளமெண்ட் அதை வாங்கித் தெருவில் உருட்டிவிட்டார். அது உருண்டுபோய் எதிர்வீட்டு ஜெயம்மாவின் கோலத்தின் மேல் விழுந்தது. "நொண்டிக்கு வண்டி செஞ்சு குடுக்க வந்தியா? போடா," என்றார். வேலு கோலத்துக்காக ஜெயம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஸ்டீயரிங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அதே வேலு வேறு முகத்தோடு வந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"உன் ஸ்டீயரிங்மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு," என்றார். "லாரிக்குப் பவர் ஸ்டீயரிங் போட்டுட்டேன். சுண்டு விரல்ல சுத்துது. பெரிய ஸ்டீயரிங் தட்டு எனக்கு இனிமே இன்னாத்துக்கு? உன்னுத எனக்குக் குடு, என்னுத நீ வச்சுக்கோ. இந்த ஊர்ல ஒரு லாரிக்காரன்கிட்டயும் கிரீம் கலர் கெடையாது."

கிளமெண்ட் மூன்று நாள் கெஞ்ச வைத்தார். ஒருவன் நம்மிடம் ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்பதே அந்த மாதங்களில் அவருக்கு மருந்தாக இருந்தது. நான்காம் நாள் பெரிய மனது செய்து கொடுத்தார். ஒரு ஸ்டீயரிங் இன்னொரு வண்டியில் அப்படியே உட்காராது, தண்டில் மாட்டுகிற நடுக் குடத்தின் பல் ஒன்றுக்கொன்று சேராது. லேத்துக்கார சம்பங்கி இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டு குடம் கடைந்து, இதை அதிலும் அதை இதிலும் மாட்டிக் கொடுத்தான்.

முறம் அகலத்துக்கு ஒரு கறுப்பு ஸ்டீயரிங் அம்பாசடருக்குள் வந்து உட்கார்ந்தது. வயிற்றை எக்கிக்கொண்டுதான் சீட்டில் ஏற வேண்டும். ஆனால் வலது கை ஒன்றாலேயே வண்டி திரும்பியது. தான் செய்த தர்மத்துக்குக் கடவுள் கொடுத்த கூலி என்று கிளமெண்ட் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே ஒரு கல்யாணப் பெண்ணைக் கோயில் வாசலில் இறக்கினார்.

அதன் பிறகு பதினோரு வருடம் அவர் சொல்லிக்காட்டியது கொஞ்சமா? வேலு இருக்கும் இடத்திலும் சொல்வார், இல்லாத இடத்திலும் சொல்வார். "எங்கப்பன் ஸ்டீயரிங்க ஆசப்பட்டுப் புடுங்கிக்கினு போனவன்" என்றே வேலுவைப் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்வார். காலையில் லாரி தெருவைக் கடக்கும்போது கேட்டில் நின்று, உள்ளே கிரீம் கலர் தெரிகிறதா என்று பார்ப்பார். எஃப்.சி.க்காக ஆர்.டி.ஓ. ஆபீசில் லாரியைக் காட்டும் நாளில் மட்டும் வேலு இரவலாக ஒரு கறுப்பு ஸ்டீயரிங்கை மாட்டுவார். ஒரு வருடம் அதைக் கழற்றக் கூடுதலாக இரண்டு நாள் ஆகிவிட்டது. கிளமெண்ட் நடுத்தெருவில் லாரியை மறித்து, பிடிக்கவில்லை என்றால் என் பொருளைத் திருப்பிக் கொடு என்று சத்தம் போட்டார். அன்று சாயந்தரமே கிரீம் கலர் திரும்பியது. தெரு முனையில் வேலு உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புவார். "பாரு, பவர் ஸ்டீயரிங் வச்சுக்கினு ரேசுக்காரன் மாதிரி சீன் போடுறான்," என்று லூயிசாவிடம் சொல்லிச் சிரிப்பார் கிளமெண்ட்.

இந்த வருடம் அவர் மகள் நிக்கோலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயிலில் பூசை. ஊர்ப் பெண்களையெல்லாம் கொண்டுபோய் இறக்கியவர், சொந்த மகளையும் தன் கையாலேயே ஓட்டிக் கொண்டுபோய் இறக்குவது என்று அவள் பிறந்த நாளிலேயே முடிவு செய்திருந்தார். வண்டிக்குப் பாலிஷ் போட்டாயிற்று, சீட்டுக்குப் புது உறை தைத்தாயிற்று. அப்போதுதான் ஆர்.சி. முடிந்துபோனது ஞாபகம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் இளவயது, முன்னே இருந்தவர் போல இல்லாமல் எல்லாவற்றையும் குனிந்து பார்க்கிறவர். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார், இது காரா லாரியா என்று. பழைய வண்டி, நன்றாக வைத்திருக்கிறீர்கள், ஆனால் இந்த ஸ்டீயரிங்கோடு கையெழுத்துப் போட மாட்டேன். திங்கட்கிழமைக்குள் காருக்கு உரியதை மாட்டிக்கொண்டு வாருங்கள், அதுவரை ரோட்டில் எடுக்காதீர்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அது வெள்ளிக்கிழமை. அன்று சாயந்தரமே கிளமெண்ட் வேலு வீட்டுக்குப் போனார். விஷயம் சுலபம் என்றுதான் நினைத்தார். என்னுடையதைக் கொடு, உன்னுடையதை எடுத்துக்கொள், முடிந்தது. அந்தச் சின்ன ஸ்டீயரிங்கை ஒற்றைக் கையால் எப்படித் திருப்புவது என்று அப்போது யோசிக்கவில்லை.

வேலு நெளிந்தார். நட்டு துருப்பிடித்துவிட்டது, கழலாது என்றார். சனிக்கிழமை முள்பாகலுக்கு லோடு இருக்கிறது என்றார். கடைசியில், நாளைக்கே பெங்களூர் சிவாஜி நகருக்குப் போய் அதே மாதிரி கிரீம் கலரில் ஒன்று வாங்கி வருகிறேன், உன் லாரித் தட்டை நான் பத்திரமாக எடுத்து வைக்கிறேன், கையெழுத்து ஆனதும் மறுபடியும் மாட்டிக்கொள் என்றார்.

கிளமெண்ட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அது எங்கப்பன் புடிச்ச ஸ்டீயரிங்டா. என் பொண்ணு கல்யாணத்துக்குக் கேக்குறேன். என் பொருள நானே கெஞ்சிக் கேக்கணுமா உன்கிட்ட?"

வேலு தலையைக் குனிந்துகொண்டார். பதினோரு வருடம் ஆசையாய் வைத்துக்கொண்டவனுக்குத் திருப்பிக் கொடுக்க மனது வரவில்லை என்று கிளமெண்ட்டுக்குப் பட்டது. இனி கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து லூயிசாவிடம் சொன்னபோது அவள், அந்த அண்ணன் இல்லாமல் எப்படிக் கல்யாணம் நடக்கும், யோசித்துப் பேசுங்கள் என்றாள். அவர் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாம்பியன் ரீப்ஸுக்கு நடந்தார். வேலுவின் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் லாரி நின்றது. லோடும் இல்லை, ஆளும் இல்லை. பொய் சொல்லியிருக்கிறான் என்று இன்னும் கொஞ்சம் கோபம் ஏறியது. வேலுவின் மனைவி பார்வதம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அண்ணா, அவர் பங்காருபேட்டைக்கு டயர் பார்க்கப் போயிருக்கிறார் என்றாள். கிளமெண்ட் வலது கையால் கதவுக் கம்பியைப் பிடித்து, இரண்டு தடவை வழுக்கி, மூன்றாம் தடவை லாரிக்குள் ஏறி உட்கார்ந்தார்.

பதினோரு வருடத்தில் அவர் அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அப்பாவின் ஸ்டீயரிங் பாதிக்கு மேல் கிரீம் கலராக இல்லை. இரண்டு பக்கமும் கை பிடிக்கிற இடத்தில் தேய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பின் மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து வரிந்து சுற்றியிருந்தது. ஹாரன் வளையத்தை மட்டும் யாரோ தினமும் துடைத்து வைத்திருந்தார்கள்.

நட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினார். அது அசையவில்லை. இன்ஜின் ஓடினால்தான் பவர் வேலை செய்யும் என்று நினைவு வந்தது. சாவி எப்போதும் போல முன்கண்ணாடிக்கு மேலே செருகியிருந்தது. ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் உதறிக்கொண்டு ஓடியது. வலது கையால் மறுபடியும் இழுத்தார். இடது கையையும் சேர்த்து வைத்து, பல்லைக் கடித்து, சீட்டிலிருந்து எழும்பி உடம்பைச் சாய்த்து இழுத்தார். ஒரு விரல்கடை நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

உடம்பைச் சாய்த்து இழுத்தபோதுதான், தான் எப்படிச் சாய்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. தெரு முனையில் வேலு அப்படித்தான் சாய்வார்.

இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். பானெட்டைத் தூக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார். பவர் ஸ்டீயரிங் என்றால் அதற்கு ஒரு பம்பு வேண்டும், எண்ணெய் டப்பா வேண்டும், இரண்டு டியூபாவது வேண்டும். ஒன்றும் இல்லை. இருந்து கழற்றிய தடமும் இல்லை. அந்த வண்டிக்கு ஒருநாளும் பவர் ஸ்டீயரிங் போட்டதே இல்லை.

கிளமெண்ட் பம்பரின் மேல் உட்கார்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாலு டன் செங்கலை ஏற்றிக்கொண்டு, காருக்குப் போடுகிற சின்ன ஸ்டீயரிங்கைப் பிடித்து, பதினோரு வருடம் ஒருவன் ஓட்டியிருக்கிறான். காயலான் கடையில் வேறொன்று வாங்கி மாட்டியிருந்தால் தெருவில் பார்த்ததும் குட்டு உடைந்திருக்கும், அப்புறம் கிளமெண்ட் லாரித் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பார், காரும் நின்றுபோயிருக்கும். அதற்காகவே மாட்டாமல் இருந்திருக்கிறான். கேட்டில் நின்று தான் தினமும் போலீஸ்காரன் மாதிரி எட்டிப் பார்த்ததும், நடுத்தெருவில் மறித்துச் சத்தம் போட்டதும் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தன. கை சும்மா இருக்க மாட்டேங்குது, மிசினக் குடு. அதே குரல், அதே பிடுங்கல். பத்தாயிரம் அடிக்குக் கீழே இருட்டில் உடனே புரிந்துகொண்டவருக்கு, மேலே பட்டப்பகலில் பதினோரு வருடமாகப் புரியவில்லை. வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை அவர் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

பார்வதம்மா டீ கொண்டுவந்தாள். திறந்த பானெட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், டீயைப் பம்பரின் மேல் வைத்தாள்.

"டயர் பாக்கப் போவலண்ணா," என்றாள். "எலும்பு டாக்டர்கிட்ட போயிருக்குறாரு. எடது தோள் தூக்க முடியல. ரெண்டு வருஷமா தெனம் ராத்திரி உப்பு வறுத்து ஒத்தடம் குடுக்குறேன். உங்ககிட்ட சொன்னா என்கூடப் பேசமாட்டேன்னாரு."

இதை ஏன் சுமக்கிறீர்கள், அந்த அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்களேன் என்று அவள் ஒருதடவை சண்டை போட்டாளாம். அதற்கு வேலு, கோயில் வாசலில் அவன் ஒற்றைக் கையால் காரைத் திருப்பி நிறுத்துகிறானே, அப்போது அவன் முகத்தை நீ பார்த்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டாராம்.

கிளமெண்ட் டீயைக் குடித்தார். குடித்துவிட்டு மறுபடியும் லாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். பார்வதம்மா சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை.

மூன்று மணிக்கு வேலு வந்தார். கையில் மருந்துக்கடைப் பை. தூரத்திலிருந்தே பானெட் திறந்திருப்பதைப் பார்த்து நின்றார், பிறகு மெதுவாக நடந்து வந்து அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்தார். வலது கையாலேயே பிடித்து, இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஏறினார். இதையும் எத்தனை நாள் பார்த்தும் பார்க்காமல் இருந்தோம் என்று கிளமெண்ட் நினைத்தார்.

"பவர் ஸ்டீயரிங் எங்கடா?" என்று கேட்டார்.

வேலு கண்ணாடிக்கு முன்னால் தூக்கி நின்ற பானெட்டைப் பார்த்தார். "ரிப்பேர்," என்றார்.

கிளமெண்ட் சிரிக்கவில்லை. வேலுவும் அதற்குமேல் சமாளிக்கவில்லை. இரண்டு பேரும் கேஜில் இறங்குகிறவர்கள் மாதிரி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வேலு பேசினார். "சரி, இப்பக் கழட்டிக்கோ. திங்கக்கெழம ஆபீசர்கிட்ட காட்டிடலாம். கையெழுத்துப் போட்டதும் சாயந்தரமே சம்பங்கிகிட்ட குடுத்து மாத்திக்கலாம். எனக்கு இது பழகிப்போச்சுடா. வியாழக்கெழம நிக்கோல நீதான் ஓட்டினு போவணும்."

கிளமெண்ட்டுக்கு ஆசை இல்லாமல் இல்லை. கோயில் வாசல், பூ மாலை சுற்றிய வண்டி, பின்னால் வெள்ளை உடுப்பில் நிக்கோல், கண்ணாடியில் அவள் முகம், ஒற்றைக் கையால் அழகாக ஒரு திருப்பம். இருபத்தேழு வருடமாக மனதில் ஓட்டிப் பார்த்த வழி அது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலு மகிழ்ச்சியாகச் செய்வார். அடுத்த நாளிலிருந்து மறுபடியும் அந்த டியூப் சுற்றிய ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தெரு முனையில் உடம்பைச் சாய்ப்பார்.

வேலுவின் இடது தோளைப் பார்த்தார். ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"வேணாம்," என்றார். அடுத்து வர வேண்டிய வார்த்தை வாயிலிருந்து வர நேரமாயிற்று. "என்னால முடியலடா வேலு. அப்பவே முடியல. இந்தக் கையால என்னால முடியல. வியாழக்கெழம நீ ஓட்டு."

நாற்பது வருடப் பழக்கத்தில் கிளமெண்ட் வாயிலிருந்து அந்த வார்த்தையை வேலு கேட்டதில்லை. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். வியர்வையைத் துடைப்பது போலத்தான் துடைத்தார், ஆனால் நிறைய நேரம் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பங்கி கடையைத் திறந்து வேலை செய்தான். நட்டு துருப்பிடித்திருக்கவே இல்லை, இரண்டு சுற்றில் கழன்றது. கறுப்பு ஸ்டீயரிங்கை லாரிக்குத் திருப்பி மாட்டினான். அப்பாவின் ஸ்டீயரிங்கில் வெடிப்பைப் பூசி, தேய்த்து, கிரீம் கலர் அடித்து அம்பாசடருக்கு மாட்டினான். உனக்கும் முதலிலிருந்தே தெரியுமா என்று கிளமெண்ட் கேட்டார். பவர் ஸ்டீயரிங் போட்டிருந்தால் என் கடையில்தானே போட்டிருப்பார், நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா என்றான் சம்பங்கி. கடைந்த இரண்டு குடமும் மேஜையில் கிடந்தன. மறுபடியும் தேவைப்படுமா என்று கேட்டான். கிளமெண்ட் அவற்றை எடுத்துப் பழைய இரும்புக் கூடையில் போட்டார்.

திங்கட்கிழமை காலையில் வேலுதான் காரை ஆபீசுக்கு ஓட்டினார். இன்ஸ்பெக்டர் மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். வேலு இரண்டு சுற்று ஓட்டினார். இன்ஸ்பெக்டர் ஸ்டீயரிங்கைத் தட்டிப் பார்த்து, இப்போதுதான் இது கார் என்று சிரித்துக்கொண்டே காகிதத்தில் எழுதினார்.

வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு வீட்டு வாசலில் பூச்சுற்றிய அம்பாசடர் நின்றது. வேலு புது வெள்ளைச் சட்டையில் டிரைவர் சீட்டில் இருந்தார். கோட்டு போட்ட கிளமெண்ட் வந்து, பழக்கதோஷத்தில் டிரைவர் கதவில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துக்கொண்டு முன்சீட்டின் மறுபக்கத்துக்குப் போனார். பின்சீட்டிலிருந்து நிக்கோல் கூப்பிட்டாள்.

"டாடி, இங்க வாங்க. பொண்ணோட அப்பா பின்னாடிதான உக்காரணும்."

அறுபது வருடத்துக் காரில் அவர் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. சின்னப் பையனாக இருந்தபோதுகூட அப்பாவின் பக்கத்தில்தான் உட்காருவார். தயங்கி ஏறி மகளின் வலது பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல இடது கையைக் கோட்டுப் பைக்குள் விடப் போனார். அதற்குள் நிக்கோல் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பூங்கொத்தின் ஈரம் விரல்களில் பட்டது. இழுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இழுக்கவில்லை.

வண்டி தெருவை விட்டு, கடைத்தெருவுக்குள் நுழைந்தது. ஜெயம்மாவும் பூக்காரர்களும் கை ஆட்டினார்கள். முனை வந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் சாக்கடை மேட்டில் ஏறிய அதே முனை. வேலு கிரீம் கலர் ஸ்டீயரிங்கை வலது கையால் இழுத்து, இடது கையை லேசாகக் கொடுத்து, உடம்பைச் சாய்க்காமல் திருப்பினார். கிளமெண்ட் பின்னாலிருந்து அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனமா இருக்குதாடா?" என்று கேட்டார்.

வேலு கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "பவர் ஸ்டீயரிங் போட்ட மாதிரி இருக்குது," என்றார்.

கிளமெண்ட் சிரிக்கத்தான் நினைத்தார். சிரிப்பு பாதியில் வேறொன்றாகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னா டாடி, கல்யாணப் பொண்ணு நானே அழல, நீங்க அழுறீங்க என்று நிக்கோல் கேட்டாள். கோயில் வாசல் வரைக்கும் அவள் அந்தக் கையை விடவில்லை.